லிமாவில் சாப்பாட்டுக்காக அலையலாமா? (சீஃபா, நிக்கேய், செவிச்சே பற்றி)

கேள்வி, ஜூன் 3, 2025

அலுவலக வேலையாக அடுத்த மாதம் லிமா போகிறேன். ஒரு வாரம். சாயங்காலங்களும் கடைசி இரண்டு நாளும் எனக்குச் சொந்தம். படித்த வரையில் பெரு-ஜப்பான், பெரு-சீனா கலப்புச் சமையல்தான் அங்கே பெரிய விஷயமாம். நான் பார்த்த ஃப்யூஷன் கடைகளில் எல்லாம் தட்டு பெரிசு, சாப்பாடு சிறிசு, பில் மட்டும் நீளம். இதற்காக மெனக்கெட வேண்டுமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

கட்டாயம் மெனக்கெடுங்கள். ஆனால் ஃப்யூஷன் என்று பலகை மாட்டிய இடத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

நான் சுர்கீயோவில் குடியிருக்கிறேன். எங்கள் தெரு முனையிலேயே ஒரு சீஃபா. சீனச் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். ஊர் முழுக்க, எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்து ஒரு பெரிய தட்டு அரோஸ் சௌஃபாவும் (நம் ஃப்ரைடு ரைஸ்தான்) மஞ்சள் நிற இன்கா கோலாவும் வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். அதில் ஒருவர்கூட கலப்பு உணவு சாப்பிடுவதாக நினைப்பதில்லை. அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு மாதிரி.

முதல் வேலையாக ஊரின் பழைய நடுப்பகுதிக்குப் போங்கள். மத்தியச் சந்தையை ஒட்டிக் காப்பொன் தெரு. நடந்து பாருங்கள், பசித்ததும் ஒரு சீஃபாவில் நுழையுங்கள். வந்தான் சூப் (இறைச்சிக் கொழுக்கட்டை மிதக்கும் சூப்), சௌஃபா, லோமோ சால்தாதோ. இந்த மூன்றையும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைப் பேசலாம்.

ஜூன் 3, அதற்கப்புறம்

லோமோ சால்தாதோ என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டால் தட்டு வந்ததும் குழம்புவீர்கள். மாட்டிறைச்சி. விரல் நீளத்துக்கு நறுக்கி, புகை கிளம்பும் அளவு காய்ந்த வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார்கள். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டு வெந்துவிடும், வறுபடாது. எங்கள் முனைக் கடையில் சமையற்கட்டு திறந்தே இருக்கும். வாணலியை ஒரு சாய்ப்பு சாய்த்தால் தீ உள்ளே ஏறி ஒரு நொடி ஆளையே மறைக்கும். அந்தப் புகை வாசம்தான் இந்த உணவின் உயிர். தடிமனாக வகுந்த சிவப்பு வெங்காயம், அஹி அமரீயோ என்ற மஞ்சள் மிளகாய், தக்காளி, அப்புறம் சோயா சாஸும் வினிகரும் ஒரு சுற்று. வெங்காயம் நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுவார்கள். கடைசியில் பொரித்த உருளைக்கிழங்கை அதிலேயே போட்டு ஒரு பிரட்டு, மேலே கொத்தமல்லி.

பக்கத்தில் சோறு. ஆமாம், உருளைக்கிழங்கும் சோறும் ஒரே தட்டில். நமக்கு அதில் ஆச்சரியம் என்ன, உருளைக்கிழங்கு வறுவல் இல்லாமல் எத்தனை பேருக்குச் சாம்பார் சாதம் இறங்கும்?

ஜூன் 4

கொஞ்சம் வரலாறு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் இது தெரியாமல் காப்பொன் தெருவில் நடப்பது பாதி நடைதான் என்பது என் கருத்து.

1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் குவாங்டாங் பக்கத்து ஆட்கள். எட்டு வருட ஒப்பந்தம். கரும்பு, பருத்தித் தோட்டங்களில் வேலை. சிஞ்சா தீவுகளில் மலையாகக் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுக்கும் வேலை, அது மகா கொடுமை. பிறகு ரயில் பாதை. 1854இல் பெருவில் அடிமை முறை ஒழிந்தது, தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும், ஒப்பந்தம் என்ற பெயரில் ஆள் வந்தது.

நம்மவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் மொரீஷியசுக்கும் போனதும், 1860இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கிளம்பியதும் இதே காலம், இதே கணக்கு. அதனால்தான் அந்தத் தெரு எனக்கு வெறும் சாப்பாட்டுத் தெருவாகத் தெரிவதில்லை.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் லிமாவுக்கு வந்து, சந்தையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். வாணலி, சோயா சாஸ், இஞ்சி அவர்கள் கொண்டுவந்தது. இறைச்சி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு சந்தையில் மலிவாகக் கிடைத்தது. சாப்பிட வந்தவர்கள் லிமா உழைப்பாளிகள். அவர்களுக்குப் பிடித்தாக வேண்டும், காசுக்குக் கட்டுப்படியாக வேண்டும். நீங்கள் ஃப்யூஷன் என்று சொல்வது அப்படித்தான் பிறந்தது. அதை நாகரிகக் கடைகளின் பில்லோடு சேர்த்துப் பேசுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஜூன் 4, மதியம்

ஜப்பானியர் கதை வேறு. 1899இல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 பேர் காயாவோ துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களும் முதலில் கரும்புத் தோட்டத்துக்குத்தான் போனார்கள். தாங்க முடியாமல் நகரத்துக்கு வந்து முடிதிருத்தகம், மளிகை, சாப்பாட்டுக் கடை என்று பிழைத்தார்கள். கடைகளில் அவர்கள் விற்றது பெரு நாட்டுச் சாப்பாடு. ஜப்பானியச் சமையல் வீட்டுக்குள் மட்டும். மிசோ என்ற சோயா விழுது இல்லாதபோது கிடைத்ததை வைத்துச் செய்தார்கள், மிளகாய் மெதுவாக உள்ளே வந்தது.

1940இல் லிமாவில் ஜப்பானியர் கடைகளையும் வீடுகளையும் கும்பல் சூறையாடியது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 1,800 பேரைப் பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவே இல்லை. இத்தனைக்கும் பிறகு அந்தக் குடும்பங்களின் சமையல்தான் இன்று நிக்கேய் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது.

ஜூன் 6

செவிச்சே பற்றிக் கேட்டிருக்கிறார் இன்னொருவர்: "பச்சை மீன் தானே? வயிறு தாங்குமா?"

பச்சை மீன்தான். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பில் அதன் புரதம் கெட்டிப்பட்டு வெள்ளையாகும், பார்வைக்கு வெந்தது போல் இருக்கும். ஆனால் கிருமியைக் கொல்ல அது போதாது. ஆகவே அன்று காலை வந்த மீனாக இருக்க வேண்டும், கடையில் கூட்டம் இருக்க வேண்டும். நல்ல செவிச்சே கடைகள் மதியத்துக்கு மட்டும் திறந்து நாலு, ஐந்து மணிக்கு மூடிவிடும். காலையில் பிடித்த மீன் மதியத்துக்கு என்பது இந்த ஊர் வழக்கம். இரவில் செவிச்சே தேடாதீர்கள். வயிறு சட்டென்று கோளாறு செய்யும் ஆள் என்றால் முதல் நாளே வேண்டாம்.

சுர்கீயோ சந்தையில் நான் வழக்கமாக நிற்கும் கடையில் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். மீனைத் துண்டு போட்டதும் முதலில் உப்பு. அதை விரலால் புரட்டிவிட்டு, மிளகாயும் கொத்தமல்லியும். எலுமிச்சை சின்னது, தோல் மெல்லியது, வடக்கே பியூராவிலிருந்து வருவது. அதைப் பாதிதான் பிழிவார், மீதியை அப்படியே வீசிவிடுவார். ஏன் வீணாக்குகிறீர்கள் என்று கேட்டேன். அழுத்திப் பிழிந்தால் தோலின் கசப்பு இறங்கிவிடும் என்றார். ஒரு ஐஸ் கட்டியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றி, ஐஸை எடுத்துவிட்டு, மேலே அலசிய வெங்காயம். நான் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் தட்டு கைக்கு வந்துவிடும். பக்கத்தில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பெரிய பெரிய மணி உள்ள மக்காச்சோளம், வறுத்த சோளம். காரத்துக்கும் புளிப்புக்கும் நடுவில் அந்தக் கிழங்கின் இனிப்பு என்ன சுகம்! தட்டில் மிஞ்சும் சாற்றுக்கு லெச்சே தெ திக்ரே என்று பெயர், அதைக் கரண்டியால் மிச்சமில்லாமல் குடித்துவிடுங்கள்.

ஜூன் 6, தொடர்ச்சி

ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் நம் பேச்சின் மையமே அதுதான். பழைய காலத்தில் மீனை மணிக்கணக்கில் புளிப்பில் ஊறவைப்பார்கள். இப்படி உடனுக்குடன் செய்து கொடுப்பதில் ஜப்பானியக் கையின் செல்வாக்கு பெரிது. திராதித்தோ கேளுங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும். ஜப்பானியரின் பச்சை மீன் உணவான சஷிமி போல மீனை மெல்லிய ஏடாகச் சீவி, தட்டில் பரப்பி, அஹி அமரீயோ அரைத்த மஞ்சள் சாற்றை மேலே ஊற்றுவார்கள். வெங்காயம் கிடையாது. கத்தி ஜப்பானுடையது, காரம் பெருவுடையது.

ஆக, "அசல்" செவிச்சே சாப்பிட்டேன் என்று படம் போடுபவர் சாப்பிடுவதும் ஜப்பானியர் கைபட்ட சமையல்தான்.

ஜூன் 9

"சைவம் சாப்பிடுபவர்கள் என்ன செய்வது? உங்கள் குறிப்பு முழுக்க மாடும் மீனுமாக இருக்கிறது."

நியாயமான கேள்வி. முதலில் எச்சரிக்கை: "கார்னே (இறைச்சி) வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கோழியோ பன்றி இறைச்சித் துண்டோ போட்டுக் கொண்டுவருவார்கள். கோழி வேண்டாம், பன்றி வேண்டாம், மீன் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சீஃபாவில் காய்கறிச் சௌஃபா கிடைக்கும், முட்டை வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் பல கடைகளில் சூப்பும் குழம்பும் கோழிச் சாற்றில்தான். கண்டிப்பான சைவர்கள் உலர்ந்த பிரட்டலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதை விட்டால் உருளைக்கிழங்கு. இந்தக் கிழங்கின் பிறந்த வீடே ஆண்டிஸ் மலைதான், பெருவில் மூவாயிரத்துக்கு மேல் வகைகள். சர்வதேச உருளைக்கிழங்கு மையமே 1971 முதல் லிமாவின் லா மொலினாவில் இருக்கிறது. பாப்பா அ லா வான்கயினா கேளுங்கள்: அவித்த கிழங்கின் மேல் பாலாடைக்கட்டியும் மஞ்சள் மிளகாயும் பாலும் அரைத்த கெட்டிச் சாறு. கூட அவித்த முட்டை இருக்கும், வேண்டாதவர்கள் ஒதுக்கிவிடலாம். காவ்சா இன்னும் நன்றாக இருக்கும். மஞ்சள் உருளைக்கிழங்கை எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்து மசித்து அடுக்கடுக்காக வைப்பார்கள், நடுவில் கோழிக்குப் பதில் அவகாடோ கேட்டு வாங்கலாம். மயோனைஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மிளகாயும் உருளையும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி நம் அடுப்படிக்கு வந்தவை. நம் சமையலில் அவற்றை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். கலப்பைப் பற்றி நாம் கொஞ்சம் அன்போடு பேசுவதுதான் முறை.

ஜூன் 10

சாப்பாட்டுக்கு நடுவில் ஊரைப் பார்க்க மறக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். இப்போது இங்கே குளிர்காலம். மழை பெய்யாது, ஆனால் கருவா என்ற பொடித் தூறல் நாள் முழுக்கக் காற்றில் நிற்கும். வானம் ஒரே சாம்பல். ஒரு மெல்லிய மேலாடை போதும். லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதி நடுவிலேயே வாக்கா புக்யானா என்ற மண் பிரமிடு இருக்கிறது, ஆயிரத்து ஐநூறு வருடங்களுக்கு முந்தைய லிமா பண்பாட்டு மக்கள் கட்டியது. சின்னச் சின்னக் களிமண் கற்களை அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி நெட்டுக்குத்தாக அடுக்கியிருக்கிறார்கள். இடையில் விட்ட இடைவெளிதான் பூகம்பத்தைத் தாங்கியது என்கிறார்கள். அங்கிருந்து பாறை விளிம்பு நடைபாதை வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே பர்ராங்கோ வரை நடந்தால் பசி தானாக வரும்.

ஜூன் 20

செய்தி பார்த்திருப்பீர்கள். நேற்று டூரினில் அறிவித்த உலகின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் மாய்தோ முதலிடம். மிராஃப்ளோரஸில் இருக்கும் நிக்கேய் உணவகம், மித்சுஹாரு சுமுரா 2009இல் தொடங்கியது. 2023இல் இதே முதலிடம் லிமாவின் செந்த்ராலுக்குக் கிடைத்தது. ஒரே ஊர், இரண்டு வருட இடைவெளியில் இரண்டு முதலிடம்.

ஊர் கொண்டாடுகிறது. இன்று காய்கறிக்காரம்மா, மாய்தோ பக்கமே போகாதவர், "நாம் ஜெயித்துவிட்டோம்" என்றார். 1940இல் ஜப்பானியர் கடைகளை உடைத்த அதே ஊர். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஜூன் 21

விலை உயர்ந்த கடைகளைப் பற்றி ஆரம்பத்தில் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். நேற்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆக்டோபஸை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பில்லாத பண்டம் என்று ஒதுக்கியதை ஜப்பானியக் கைகள் சமைத்துக் காட்டின. காயாவோவில் ரோசித்தா யிமுரா என்ற நிக்கேய் (ஜப்பானிய வம்சாவளி) அம்மையார், கருநீல ஆலிவ் சாறு ஊற்றிய ஆக்டோபஸ் ஏடுகளை மேசைக்குக் கொண்டுவந்தார். புல்போ அல் ஒலீவோ என்று இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஆரம்பம் ஒரு சின்ன இடம்தான்.

நோபு மத்சுஹிசாவும் அப்படித்தான். உலகம் முழுக்க அவர் பெயரில் உணவகங்கள். 1973இல் இளைஞராக லிமாவுக்கு வந்து சுஷிக் கடையில் நின்றவர். அஹியும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் அவர் கைக்கு இங்கேதான் பழகின. பெருவின் சமையற்காரர் கஸ்தோன் அகூரியோ 1994இல் ஆஸ்ட்ரிட் இ கஸ்தோன் உணவகத்தைத் தொடங்கியபோது பிரெஞ்சுச் சமையல்தான் உசத்தி. சில வருடங்களில் அதை விட்டு அனித்துச்சோவையும் செவிச்சேயையும் விரிப்புப் போட்ட மேசையில் வைத்தார். தெருவில் மாட்டு இதயத்தைச் சுட்டு விற்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களின் பண்டம் அனித்துச்சோ. அதற்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததில் இந்தச் சமையற்காரர்களுக்குப் பங்கு உண்டு.

ஆகவே கையில் பணம் இருந்தால், இடமும் கிடைத்தால், ஒரு வேளை அப்படிப்பட்ட இடத்தில் சாப்பிடுங்கள். வரிசை மட்டும் முக்கியம். முதலில் சந்தை, அப்புறம் சீஃபா, கடைசியில் அது. முன்னதைச் சாப்பிட்ட நாக்குக்குத்தான் பின்னதன் அருமை தெரியும். முதல் நாளே பெரிய உணவகத்துக்குப் போய் ஏழெட்டு விதமான சின்னத் தட்டுகளைப் பார்த்தால், எது எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. அங்கேதான் "தட்டு பெரிசு, சாப்பாடு சிறிசு" என்ற சலிப்பு வருகிறது.

மாய்தோவுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு. இந்த அறிவிப்புக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

ஜூன் 29

நேற்று தேசியச் செவிச்சே நாள், இன்று புனித பேதுரு திருநாள், மீனவர்களின் நாள். சொர்ரீயோஸ் போயிருந்தேன். பேதுருவின் சிலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோகிறார்கள், பின்னாலேயே மற்றப் படகுகள். கரையில் பெண்கள் பெரிய பாத்திரங்களில் செவிச்சே கலந்துகொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தச் செவிச்சே மரபைப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையை அங்கே எல்லார் வாயிலும் கேட்டேன்.

நான் சாப்பிட்ட தட்டில் இரண்டு சொட்டுச் சோயா சாஸ் இருந்தது. கலந்த அம்மாவிடம் கேட்டேன். "என் அம்மா இப்படித்தான் போடுவாள்" என்றார். அவர் நிக்கேய் குடும்பம் இல்லை.

கேள்வி கேட்டவர், ஜூலை 8

வந்து சேர்ந்தேன். தங்கும் இடத்துக்குப் பக்கத்துச் சீஃபாவில் "ஏரோபுவெர்த்தோ" என்று ஒன்று இருந்தது, வாங்கினேன். தட்டைப் பார்த்து மிரண்டுவிட்டேன். சௌஃபாவும் நூடுல்ஸும் ஒரே மலையாக. ஆனால் முடித்துவிட்டேன், ருசி அப்படி. கடைசி இரண்டு நாள் ஞாயிறும் திங்களும். எப்படி வைத்துக்கொள்ளலாம்?

ஜூலை 8, இரவு

அதைத் தனியாக முடித்தீர்களா! இனி சீஃபாவில் ஒரு தட்டை இரண்டு பேருக்கு என்று கணக்கு வையுங்கள். சாயங்காலங்களில் அனித்துச்சோ வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள், இறைச்சி கருகாமல் பளபளவென்று இருக்கும் இடத்தில் நில்லுங்கள்.

ஞாயிறு: காலை வாக்கா புக்யானா, பன்னிரண்டரைக்குள் ஒரு செவிச்சே கடை. ஒரு மணிக்கு மேல் குடும்பங்கள் வந்து வரிசை நீண்டுவிடும். செவிச்சே ஒன்று, திராதித்தோ ஒன்று, பக்கம் பக்கமாக வைத்துச் சாப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அப்புறம் கடலோரமாகவே பர்ராங்கோ. இரவுக்கு ஒரு நடுத்தர நிக்கேய் கடை, முன்பதிவு இல்லாமல் முன்மேசையில் உட்காரலாம், சமைப்பதையும் பார்க்கலாம்.

திங்கள்: மீனவர்கள் பலர் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை, அதனால் திங்களன்று நிறையச் செவிச்சே கடைகளுக்கு விடுமுறை. திறந்திருந்தாலும் நான் மீன் சாப்பிட மாட்டேன். அன்று காப்பொன் தெருவை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பதினொன்றரைக்கே போனால் ஆவியில் வெந்த மின்பாவ் பன் சூடாகக் கிடைக்கும். கைப்பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சந்தைப் பக்கம் நெரிசல் அதிகம்.

ஊருக்கு எடுத்துப் போக அஹி அமரீயோ விழுது வாங்குங்கள், எல்லாச் சந்தையிலும் புட்டியில் கிடைக்கும். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். வீட்டில் தயிரில் இரண்டு கரண்டி அடித்துக் கலந்து அவித்த உருளைக்கிழங்குமேல் ஊற்றிப் பாருங்கள்.